மூன்று நிறுவைகள்: திம்புள்ளத் தேயிலையும் பகிர்கொள்கலன் கட்டண முன்மொழிவும்

1

மலையகத் தமிழிலக்கியத்திலே நிறுவைக்குத் தனியிடம் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை முதலாக இன்றெழுதும் இளஞ் சிறுகதையாசிரியர் ஈறாகப் பலரும் கொழுந்து மடுவத்தைத் தம் எழுத்துக்குப் பொருளாக்கியுள்ளனர். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்கள், தராசின் முள்ளை எட்டிப்பார்க்க முடியாது நிற்கும் பெண், ‘அரைப்பேர்’ போடும் கணக்கப்பிள்ளை ஆகியன இவ்விலக்கியத்தின் வாசகர் நன்கறிந்த காட்சிகள். ஆயின் தொழிற்சாலையின் வாயிலைக் கடந்ததும் தேயிலை எமது இலக்கியத்திலிருந்து மறைந்துவிடுகின்றது. ஆய்விலும் நிலைமை பெரிதும் வேறன்று. மலையிலிருந்து இறங்கும் தேயிலை எவ்வழி சென்றது, அதனைச் சுமந்ததற்கு எவர் கூலி பெற்றனர், அக்கூலியை இறுதியில் எவர் செலுத்தினர் என்னும் வினாக்கள் வணிகருக்கு உரியனவென விடப்பட்டுள்ளன.

உண்மையில் தேயிலை மூன்று முறை நிறுக்கப்படுகின்றது. மலையிலே பச்சைக் கொழுந்தாக நிறுக்கப்படுவது முதல் நிறுவை. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிப் பொதியிடப்படும் தொழிற்சாலையிலே நிகழ்வது இரண்டாவது. துறைமுகத்தை அடுத்த களஞ்சியத்திலே, கப்பற்கட்டணத்தை விதிக்கும் பொருட்டு அளக்கப்படுவது மூன்றாவது. இம்மூன்றாவது நிறுவையின் இயல்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சிறப்பாக, ஒரு கொள்கலனைப் பல ஏற்றுமதியாளர் பகிர்ந்துகொள்ளும் முறையையும், உள்நாட்டுப் போக்குவரத்தை உள்ளடக்கிய கட்டண முன்மொழிவு எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதையும் நாம் ஈண்டு நோக்குவோம். திம்புள்ளப் பிரதேசம், அதாவது ஹற்றன், தலவாக்கலை, லிந்துலை, நாணு ஓயா ஆகியவற்றைச் சூழ்ந்த மேற்குச் சரிவு, எமக்கு எடுத்துக்காட்டாக அமையும்.

துறைமுகத்துச் சரக்கு தமிழிலக்கியத்துக்கு அந்நியமானதன்று. காவிரிப்பூம்பட்டினத்திலே கடலினின்று கரைக்கும் கரையினின்று கடலுக்கும் செல்லும் பண்டங்களை அளந்து புலிமுத்திரை இடுதலைப் பட்டினப்பாலை கூறுகின்றது. சுங்கங் கொள்ளும் அரசு அங்கே காட்சியளிக்கிறது. பண்டத்தைச் சுமந்தவனின் கூலி காட்சியளிக்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளின் பின்னரும் அம்மறைவு நீங்கவில்லை எனலாம்.

2

இறக்கிச் செல்லும் வழி இல்லையேல் திம்புள்ளயின் தேயிலை வெறும் இலையே. கோப்பிக் காலத்திலே பொதிமாட்டுத் ‘தவளங்களும்’ மாட்டுவண்டிகளும் அவ்வழியாக அமைந்தன. 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. கொழும்பிலிருந்து 1867இல் கண்டியை அடைந்திருந்த புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹற்றனுக்கும், 1885இல் நாணு ஓயாவுக்கும் நீண்டது. தோட்டத்துரைமாரின் விடாப்பிடியான வற்புறுத்தல் இப்பாதைக்குப் பின்னணியாக இருந்தது. மேலேறும் பெட்டிகளிலே தொழிலாளருக்கான அரிசியும், கீழிறங்கும் பெட்டிகளிலே தேயிலையும் சென்றன. தொழிலாளரின் முன்னோரோ மன்னார்க் கரையிலிருந்து காடு கடந்து கால்நடையாக மலையேறியவர்கள்.

பாதை நாணு ஓயாவை அடைந்த அதே 1885ஆம் ஆண்டிலேதான் மார்க்சின் ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தை எங்கெல்ஸ் பதிப்பித்து வெளியிட்டார். அந்நூல் போக்குவரத்தை வெறுஞ் செலவாகக் கொள்ளவில்லை. சுற்றோட்டத்தினுள்ளே தொடர்ந்து நிகழும் உற்பத்தியாகவே அதனைக் கொண்டது. நுகர்வோனைச் சேரும்வரை ஒரு பண்டத்தின் உற்பத்தி முற்றுப்பெறுவதில்லை என்பது அதன் சாரம். இந்நோக்கிற் பார்ப்பின், கொழுந்து பறிக்கும் கையும், கினிகத்தேனை வளைவுகளிலே லொறி செலுத்தும் கையும், துறைமுகக் களஞ்சியத்திலே பெட்டியடுக்கும் கையும் ஒரே உற்பத்தித் தொடரின் உறுப்புக்களாகும். கட்டணப் பத்திரத்திலோ இவை தொடர்பற்ற வரிகளாகப் பிரிந்து நிற்கின்றன.

கொழும்பிலே முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் 1883 யூலையில் நடைபெற்றது. எனினும் நெடுங்காலமாகத் தேயிலையின் பெரும்பகுதி இலண்டன் ஏலத்துக்கே அனுப்பப்பட்டது. அவ்வேலம் 1998இல் மூடப்பட்டது. இவ்விடமாற்றம் கட்டணத்தைப் பொறுத்தவரை முக்கியமானது. இலண்டனுக்கு அனுப்பிய தோட்டக் கம்பனியின் கணக்கிலே கப்பற்கட்டணம் வெளிப்படையாகத் தோன்றியது. கொழும்பிலே விற்கும் தோட்டத்தின் கணக்கிலோ அது தோன்றுவதே இல்லை. வாங்கும் ஏற்றுமதியாளரின் கணக்குக்கு அது இடம்பெயர்ந்துவிட்டது. இடம்பெயர்ந்ததேயன்றி மறைந்ததில்லை. ஏலத்திலே விலை கூறுபவர் வெளிநாட்டு விலையிலிருந்து தம் இலாபத்தையும் பொதியிடற் செலவையும் கப்பற்கட்டணத்தையும் கழித்து, எஞ்சியதையே விலையாகக் கூறுகிறார். இப்பின்னோக்கிய கணக்கிலே இறுதியாக எஞ்சுவது தோட்டத்தின் வருமானம். அதனுள்ளும் இறுதியாக எஞ்சுவது கூலி.

3

கப்பற்கட்டணத்தை நிர்ணயித்தவர் எவர்? சந்தை என்பது பாடநூல் தரும் விடை. வரலாறு தரும் விடை வேறு. 1875இல் பிரித்தானியாவுக்கும் கல்கத்தாவுக்குமிடையே கப்பலோட்டிய கம்பனிகள் ஒன்றுகூடித் தமக்குள் பொதுக்கட்டணம் வகுத்தன. ‘கொன்பரன்ஸ்’ என வழங்கிய இக்கப்பற் கூட்டுக்களுக்கு இதுவே முன்னோடியாயிற்று. குறிப்பிட்ட காலம் முழுவதும் கூட்டின் கப்பல்களிலேயே சரக்கேற்றிய வணிகருக்குக் கட்டணத்தில் ஒரு பங்கு பிற்பட்டுத் திருப்பித் தரப்பட்டது. இடையிலே வேறு கப்பலை நாடியவர் அக்கழிவை இழந்தார். வெல்லத்தைக் காட்டிக் கட்டிவைக்கும் இவ்வேற்பாட்டை ஆராயப் பிரித்தானிய அரசு 1906இல் ஓர் ஆணைக்குழுவையே நியமிக்க நேர்ந்தது.

விடுதலை பெற்ற நாடுகள் இதனை எதிர்த்தன. 1970களிலே இலங்கை தனக்கென அரச கப்பற் கூட்டுத்தாபனமொன்றை அமைத்தது. ஏற்றுமதிச் சரக்கை ஒருமுகப்படுத்தி ஒதுக்கும் மத்திய பணியகமொன்றையும் நிறுவியது. பேரம்பேசும் வலுவைச் சிறு ஏற்றுமதியாளரும் பெறவேண்டும் என்பது அதன் அடிப்படை. உலக அரங்கிலே, ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் 1974இல் ஆக்கப்பட்டு 1983இல் நடைமுறைக்கு வந்த கப்பற் கூட்டுக்களின் நடத்தைக் கோவை, சரக்கின் 40 வீதத்தை ஏற்றுமதி நாட்டின் கப்பல்களுக்கும் 40 வீதத்தை இறக்குமதி நாட்டின் கப்பல்களுக்கும் 20 வீதத்தைப் பிறருக்கும் பங்கிட முயன்றது. பின்னர் வந்த தாராளமயக் கொள்கை இத்தகைய ஏற்பாடுகளை வலுவிழக்கச் செய்தது. 2008இல் ஐரோப்பிய ஒன்றியம் கப்பற் கூட்டுக்களுக்கு அளித்திருந்த விலக்கை நீக்கியது. பழைய கூட்டுக்கள் அவ்வழிகளிலே மறைந்தன. ஆயினும் கப்பல் முதலின் செறிவு குறையவில்லை. விரல்விட்டு எண்ணத்தக்க பெருங்கம்பனிகள் கூட்டணிகளாக இணைந்து கொள்கலன் வணிகத்தின் பெரும்பகுதியைத் தம்வசம் வைத்துள்ளன.

4

கொள்கலனின் வருகை இவ்வுறவுகளுக்குப் புது வடிவம் அளித்தது. முன்னர் ஏறத்தாழ நூறு இறாத்தல் கொண்ட பலகைப் பெட்டிகளிலே அடைக்கப்பட்ட தேயிலை, பெய்ரா ஏரியோரக் களஞ்சியங்களிலிருந்து வத்தைகளிலேறித் துறைமுகத்தை அடைந்து, தொழிலாளரின் தோள்களிலே கப்பலேறியது. 1956இல் அமெரிக்காவிலே தொடங்கிய கொள்கலன் முறை, 1985இல் திறக்கப்பட்ட ஜய கொள்கலன் முனையத்தோடு கொழும்பிலே நிலைபெற்றது. பலகைப் பெட்டிக்குப் பதிலாகக் கடதாசிச் சாக்குகள் வந்தன. துறைமுகத்திலே பல நூறு கைகள் செய்த வேலையைப் பாரந்தூக்கி செய்தது.

இருபதடிக் கொள்கலனின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீற்றர். அதனை நிரப்பத்தக்க சரக்குள்ளவர் முழுக் கொள்கலனை வாடகைக்குப் பெறுவர். சாக்குத் தேயிலையை மொத்தமாக அனுப்பும் பெருநிறுவனங்கள் இவ்வகையின. அத்துணைச் சரக்கில்லாதவர், அதாவது ஒரே தோட்டத்தின் தேயிலையைப் பொதியிட்டு வெளிநாட்டுச் சிறுகடைகளுக்கு அனுப்பும் புதிய ஏற்றுமதியாளர் போன்றோர், பிறரோடு ஒரு கொள்கலனைப் பகிர்வர். வணிக வழக்கிலே ‘எல்.சி.எல்.’ எனப்படுவது இதுவே. மலையகத்தின் இளைஞர் குழுவொன்றோ தொழிலாளர் கூட்டுறவொன்றோ தன் பெயரிலே தேயிலையை வெளிநாட்டுக்கு அனுப்ப விழையுமாயின், அதற்குத் திறந்துள்ள வாயில் பெரும்பாலும் இதுதான். ஆதலின் இம்முறையின் நுட்பங்களை அறிதல் அவர்களுக்கு ஏட்டறிவன்று.

பகிர்கொள்கலனை ஆள்பவர் கப்பற் கம்பனியினர் அல்லர். ஒருங்குதிரட்டுநர் எனப்படும் இடையாளர். அவர் கப்பற் கம்பனியிடம் முழுக் கொள்கலனைப் பெற்று, அதன் இடத்தைத் துண்டுதுண்டாக விற்கிறார். கப்பற் கம்பனி ஒருங்குதிரட்டுநருக்கு ஒரு கப்பலேற்றுப் பத்திரத்தையும், அவர் ஒவ்வோர் ஏற்றுமதியாளருக்கும் தம் பெயரில் வெவ்வேறு பத்திரங்களையும் வழங்குவர். மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பதிலேயே அவரது இலாபம் அடங்கியுள்ளது.

5

இனிக் கட்டணத்தைக் கூறுபடுத்தி நோக்குவோம். தலவாக்கலையிலிருந்து ஐரோப்பியத் துறைமுகமொன்றுக்குச் செல்லும் பகிர்கொள்கலன் சரக்கின் கட்டணம் பொதுவாக நான்கு கூறுகளாலானது: மலையிலிருந்து கொழும்புக் களஞ்சியம்வரையான லொறிக் கூலி, களஞ்சியத்திலே ஏற்றியிறக்கல், கொள்கலனில் அடுக்குதல், சுங்கம், பத்திரம் ஆகியவற்றுக்கான செலவு, கடற்கட்டணம், சேருமிடத்திலே கொள்கலனைப் பிரித்துச் சரக்கைக் கையளிப்பதற்கான செலவு.

லொறிக் கூலி பெரும்பாலும் பயணத்துக்கு இவ்வளவென விதிக்கப்படும். ஒரு தொன் ஏற்றினும் ஐந்து தொன் ஏற்றினும் வளைவுகள் அவையே, எரிபொருளும் ஏறத்தாழ அதுவே. எனவே சிறுசரக்குக்குக் கிலோவொன்றின் உள்நாட்டுச் செலவு மிகும். கடற்கட்டணமோ வேறோர் அளவையைக் கொண்டது. ஒரு கன மீற்றரை ஒரு மெற்றிக் தொன்னுக்குச் சமமாகக் கொண்டு, நிறை, கன அளவு ஆகிய இரண்டினுள் எது அதிகமோ அதற்கே கட்டணம் விதிக்கப்படும். இரும்பு நிறையாற் செலுத்தும். பஞ்சு கனத்தாற் செலுத்தும். தேயிலை பஞ்சின் இனத்தது.

கற்பித எடுத்துக்காட்டொன்றைக் கொள்வோம். பொதியிட்ட தேயிலை 1200 கிலோ. அட்டைப் பெட்டிகளிலே அதன் கன அளவு 4.5 கன மீற்றர். தராசு 1.2 தொன் என்கிறது, கட்டணம் 4.5 தொன்னுக்கு விதிக்கப்படுகிறது. இது வஞ்சகமன்று. கப்பல் விற்பது இடத்தையே என்பதால் இவ்வளவைக்கு நியாயம் உண்டு. ஆயினும் இரு நிறுவைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது முரண் புலப்படுகிறது. மலையிலே ஈரம் நிறையல்ல எனக் கழிக்கப்படுகிறது. துறைமுகத்திலே பொதிக்குள் அடைந்துள்ள காற்றும் நிறையாகக் கூட்டப்படுகிறது. ஒவ்வோர் அளவைக்கும் தனித்தனியே காரணம் உண்டு. எனினும் அளவையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஓரிடத்திலேனும் நிறுக்கப்படுபவர் பக்கத்தில் இல்லை.

அச்சரக்குக்கு இரு முன்மொழிவுகள் வருவதாகக் கொள்வோம். இரண்டிலும் லொறிக்கு 60 டொலர், களஞ்சியத்துக்கும் பத்திரங்களுக்கும் 50 டொலர். முதலாவது முன்மொழிவிலே கடற்கட்டணம் கன மீற்றருக்கு 20 டொலர், சேருமிடச் செலவு 20 டொலர். இரண்டாவதிலே கடற்கட்டணம் ‘இல்லை’ எனக் குறிக்கப்பட்டுள்ளது. சேருமிடச் செலவு 60 டொலர். ஆனால் அவ்விறுதி வரி ஏற்றுமதியாளருக்கு அனுப்பப்படும் தாளிலே எழுதப்படவில்லை. கடற்கட்டணம்வரை தாமே ஏற்கும் ஏற்றுமதியாளருக்கு முதலாவது 200 டொலராகவும் இரண்டாவது 110 டொலராகவும் தோன்றும். அவர் இரண்டாவதையே ஏற்பார். மறுகரையிலே வாங்குபவரோ 90 டொலருக்குப் பதிலாக 270 டொலர் செலுத்துவார். மொத்தச் செலவு முதலாவதில் 290 டொலர், இரண்டாவதில் 380 டொலர்.

கடலைக் கட்டணமின்றிக் கடப்பிக்கும் வள்ளன்மை எதனால் வருகிறது என்பது இப்போது தெளிவாகும். பேரம்பேசுபவரின் கண்முன் கட்டணத்தைக் குறைத்து, பேரம்பேச வாய்ப்பற்றவரிடம் அறவிடும் இவ்வழக்கம் பகிர்கொள்கலன் வணிகத்திலே உலகெங்கும் அறியப்பட்டது. ஒருமுறை ஏமாந்த வெளிநாட்டுச் சிறுகடையினர் மறுமுறை என்ன செய்வர்? மேலதிகமான 180 டொலரை 1200 கிலோவிற் பரப்பிக் கிலோவுக்குப் பதினைந்து சதம் விலையைக் குறைக்கும்படி கேட்பர், அல்லது வேறு நாட்டுத் தேயிலையை நாடுவர். கட்டணம் இவ்வாறு கடல் கடந்து திரும்பி மலையேறுகிறது.

இலங்கைச் சட்டம் இதனை முற்றாகக் கவனியாது விட்டதென்று கூறுவதற்கில்லை. கப்பல் முகவர், சரக்கு அனுப்பு முகவர் முதலியோருக்கு உரிமம் வழங்கும் 1972ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், முனையக் கையாளற் கட்டணம் முதலானவற்றைக் கப்பற்கட்டணத்துக்குப் புறம்பாக வேறாக அறவிடுதலைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதிகள் 2013 டிசம்பரிலே வர்த்தமானியில் வெளியாகின. ஆயின் ஒரு நாட்டின் வர்த்தமானி மறுகரையின் களஞ்சியத்தை ஆளாது.

6

ஆகவே முன்மொழிவைக் கோருபவரும் சமர்ப்பிப்பவரும் எழுத்திலே கொள்ளவேண்டியன யாவை? எமது நோக்கில் ஆறு விடயங்கள் இன்றியமையாதன.

ஒன்று, தொடக்கமும் முடிவும். ‘ஹற்றனிலிருந்து’ என்பது போதாது. தொழிற்சாலை வாயிலா, நகரக் களஞ்சியமா என்பதும், மறுகரையிலே துறைமுகமா, வாங்குபவரின் கதவா என்பதும் குறிக்கப்படல் வேண்டும். பொறுப்பு எவ்விடத்திற் கைமாறுகிறது என்பதைச் சர்வதேச வர்த்தகச் சம்மேளனத்தின் வணிக நியமங்கள் வகுத்துள்ளன. 2020ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, களஞ்சியத்திலோ முனையத்திலோ ஒப்படைக்கப்படும் கொள்கலன் சரக்குக்குப் பழகிப்போன ‘எஃப்.ஓ.பி.’ பொருத்தமானதன்று, ‘எஃப்.சி.ஏ.’ என்பதே பொருந்தும்.

இரண்டு, அளவை. கன அளவை எவர், எங்கே அளப்பர், குறைந்தபட்ச அறவீடு எவ்வளவு என்பன. பெட்டியின் அளவைச் சற்றே திருத்தி நெருங்க அடுக்கினால் பேரம் எதுவுமின்றிக் கட்டணம் குறையும்.

மூன்று, லொறி. முழுப் பயணக் கூலியா, பகிர்ந்த கூலியா, காத்திருப்புக்கு அறவீடு உண்டா என்பன. அயல் தோட்டங்களின் சரக்கை ஒரே நாளில் இறக்கினால் ஒரு பயணத்தின் கூலி பலருக்கிடையே பங்காகும். கடலிலே நாம் பகிர்கிறோம். மலையிலே தனித்தனியே இறங்குகிறோம். இம்முரண்பாடு களையத்தக்கது.

நான்கு, காலம். கட்டணம் எத்திகதிவரை செல்லும், எரிபொருள், நாணயமாற்று ஆகியவற்றின் பெயரால் விதிக்கப்படும் மேலதிக அறவீடுகள் அதனுள் அடங்குமா என்பன.

ஐந்து, சேருமிடச் செலவு. இது வரிவரியாக, தொகையோடு, வாங்குபவரும் காணும்படி எழுதப்படல் வேண்டும். மேலே கண்ட எடுத்துக்காட்டின் முழுப் படிப்பினையும் இவ்வொரு வரியில் அடங்கும்.

ஆறு, அயற்சரக்கு. தேயிலை சுற்றியுள்ள மணத்தை விரைந்து ஈர்க்கும் பண்டம். கொழும்பிலிருந்து செல்லும் பகிர்கொள்கலனிலே கறுவாவும் மிளகும் ஏலமும் உடன்பயணிகளாதல் இயல்பு. சனவரி முதல் மார்ச்சுவரை வீசும் வரண்ட காற்றிலே திம்புள்ளத் தேயிலைக்கு வாய்க்கும் தனிச்சுவையை, கறுவா மூட்டைக்கருகே கழியும் சில வாரங்கள் அழித்துவிடும். மணமுள்ள சரக்கோடு சேர்க்கலாகாது என்னும் நிபந்தனை முன்மொழிவிலேயே இடம்பெறல் வேண்டும்.

7

இறுதியாக, இதனைத் தொழிலாளரின் வாழ்வோடு இணைத்து நோக்குதல் பொருந்தும். பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பின்னர் 2021 மார்ச்சிலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாகச் சம்பளச் சபையினூடாக நிர்ணயிக்கப்பட்டது. தொழிற்றுறை தாங்காதென்று கூறித் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. 2024 செப்டெம்பரிலே அது 1350 ரூபாவாக உயர்ந்தபோதும் அதே வாதம் ஒலித்தது. இக்கோரிக்கைக்காக ஊர்வலங்களும் சத்தியாக்கிரகங்களும் பாராளுமன்ற உரைகளும் நிகழ்ந்தன. ஒவ்வொரு ரூபாவும் பகிரங்கமாக விவாதிக்கப்பட்டது.

அதே 2021ஆம் ஆண்டிலே கொள்கலன் கட்டணத்துக்கு நேர்ந்ததை ஒப்பு நோக்குக. பெருந்தொற்றுக்கு முன்னர், 2019இல், உலகின் முக்கிய வழிகளிலே நாற்பதடிக் கொள்கலனொன்றின் சராசரிக் கட்டணம் 1500 அமெரிக்க டொலரளவில் இருந்தது. 2021 செப்டெம்பரில் அது 10,000 டொலரைத் தாண்டியது. அவ்வுயர்வுக்குச் சபை எதுவும் கூடவில்லை. வர்த்தமானி எதுவும் வெளியாகவில்லை. ஏற்றுமதியாளர் முறையிட்டனர் என்பது உண்மை. ஆயினும் செலுத்தினர். 2023இன் இறுதியிலிருந்து செங்கடற் தாக்குதல்கள் காரணமாகக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியபோதும் கட்டணம் மீண்டும் ஏறியது. அதனையும் தொழிற்றுறை தாங்கியது. கட்டணம் இயற்கை நிகழ்வைப்போல் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. கூலி மட்டுமே மனிதரின் பேராசையாகச் சித்திரிக்கப்படுகிறது. இரண்டும் மனிதர் எழுதிய எண்களே.

கப்பற்கட்டணம் குறைந்தால் கூலி தானே உயரும் என நாம் கூறவில்லை. குறைந்த காலங்களிலே அவ்வாறு உயரவில்லை என்பது வரலாறு. நாம் வற்புறுத்துவது வேறு. தொழிற்சங்கம் சம்பளப் பேச்சுக்குச் செல்லும்போது, மலையிலிருந்து மறுகரைவரை ஒரு கிலோத் தேயிலையின் பயணத்திலே எவ்விடத்தில் எத்தொகை கழிகிறது என்னும் கணக்கு அதன் கையில் இருத்தல் வேண்டும். கம்பனியின் மேசையில் அக்கணக்கு உள்ளது. முன்மொழிவுத் தாளை வாசிக்கப் பழகிய ஒரு மலையகத் தலைமுறை அதனை எமது மேசையிலும் வைக்க முடியும். கணக்கும் வணிகமும் கற்ற மலையக மாணவர் இன்று பல்கலைக்கழகங்களில் உள்ளனர். அவர்கள் செய்யத்தக்க முதல் ஆய்வு, ஒரு தோட்டத்தின் ஒரு பொதியைப் பின்தொடர்ந்து, மடுவத்தின் நிறுவையையும் தொழிற்சாலையின் நிறுவையையும் துறைமுகத்தின் நிறுவையையும் ஒரே தாளில் எழுதுவதாகும்.